தும்பறை மலையில் வழிகாட்ட வேண்டியவர்கள் நீங்கள்

வத்தேகம, பன்வில, மடுல்கலை, எல்கடுவப் பகுதித் தோட்டங்களின் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

சாதாரண தரமோ உயர்தரமோ எழுதி முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் பலர் கொழும்புக் கடைகளுக்கும் கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகிறீர்கள். சிலர் கடவுச்சீட்டு எடுத்து மத்திய கிழக்குக்குப் போகிறீர்கள். போவதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வந்த பிறகும், அந்தச் சம்பளத்தில் ஒரு குடும்பம் நடக்கவில்லை என்பது உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் உங்கள் லயத்து வாசலிலேயே தொடங்குகிற ஒரு தொழில் இருக்கிறது. மலையில் நடக்க வருகிறவர்களை அழைத்துப்போய் இந்த மண்ணின் கதையைச் சொல்லும் தொழில். அதை நீங்கள் கையில் எடுக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

கண்டிக்கு மேலே ஹந்தானையில் ஒரு பழைய தேயிலை ஸ்டோர் இன்று தேயிலை அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கிருந்து தொடங்குகிறது பீக்கோ டிரெயில் என்ற நடைபாதை. 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றர் அளவு மலையகத்தைச் சுற்றிக்கொண்டு போய், நுவரெலியாவின் பீட்ரு தோட்டத்தில் முடிகிறது. முதல் கட்டம் ஹந்தானையிலிருந்து கலஹா. இரண்டாவது கலஹாவிலிருந்து லூல்கந்துர. மூன்றாவது லூல்கந்துரவிலிருந்து தவலந்தென்ன. இதைத் திட்டமிட்டவர் மிகேல் குனாத் என்ற ஸ்பெயின்காரர், இலங்கையில் நீண்டகாலமாக வாழ்பவர். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க அரசின் அபிவிருத்தி நிறுவனமும் நிதி கொடுத்தன. இதற்காக மலையைப் புதிதாக வெட்டவில்லை. தோட்டங்களுக்குள் ஏற்கெனவே கிடந்த பாதைகளைத்தான் ஒன்றோடொன்று இணைத்தார்கள். அந்தப் பாதைகளை வெட்டியவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார். கோப்பி மூட்டை இறங்கியதும், தேயிலைப் பெட்டி இறங்கியதும், கொழுந்துக்கூடை ஏறியதும் அவற்றில்தான்.

ஒரு ஸ்பெயின்காரருக்கு இந்த எண்ணம் வந்ததில் வியப்பில்லை. அவருடைய நாட்டில் நடப்பது ஒரு பெரிய தொழில். பிரான்ஸ் எல்லையில் பிரனீஸ் மலையைத் தாண்டி, சந்தியாகோ தே கொம்பொஸ்தெலா என்ற கோயில் நகரத்துக்குப் போகும் யாத்திரைப் பாதை ஏறத்தாழ 780 கிலோமீற்றர். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக மக்கள் நடக்கும் பாதை அது. ஆனால் இடையில் அது கிட்டத்தட்ட மறக்கப்பட்டுப் போயிருந்தது. கலீசிய மலையில் ஓ செப்ரெய்ரோ என்ற சிற்றூரின் பங்குத்தந்தை எலியாஸ் வலீஞா, 1984இல் மஞ்சள் பெயின்ற்றும் தூரிகையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். மரத்திலும் பாறையிலும் வீட்டுச் சுவரிலும் அம்புக்குறி வரைந்துகொண்டே போனார். வழி தெரியாமல் திரும்பியவர்களுக்கு வழி தெரிந்தது. 1987இல் ஐரோப்பியப் பேரவை அந்தப் பாதையைத் தன் முதலாவது பண்பாட்டுப் பாதையாக அறிவித்தது. 1993இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் அது இடம்பெற்றது. கடைசி 100 கிலோமீற்றரையாவது நடந்து வருகிறவர்களுக்குச் சந்தியாகோவில் ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். 1980களின் நடுப்பகுதியில் அதைப் பெற்றவர்கள் ஆண்டுக்கு ஆயிரம், இரண்டாயிரம் பேர். 2024இல் ஏறத்தாழ 5 இலட்சம் பேர்.

இத்தனை பேர் நடந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஸ்பெயினின் உள்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், கிழவர்கள் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள். பாதை ஓரத்து ஊர்களில் அப்படியல்லாத பலவற்றைக் காணலாம். ஒரு வீடு யாத்திரிகர் விடுதியாகியிருக்கும். ஒரு பெண் காலையில் ரொட்டியும் கோப்பியும் விற்பார். வான் வைத்திருப்பவர் நடக்கிறவர்களின் பைகளை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். வழிகாட்டியோடு நடக்கும் குழுக்களும் இப்படியே. பத்துப் பன்னிரண்டு பேர் நாளுக்கு 15, 20 கிலோமீற்றர் வயலும் தோப்பும் கடந்து நடப்பார்கள். மாலையில் பழைய நகரத்துக்குள் நுழைந்ததும் அந்த ஊர்க்காரர் ஒருவர் வந்து நிற்பார். செகோவியா என்றால் ரோமர்கள் கட்டிய நீர்ப்பாலத்தின் அடியில். ஆவிலா என்றால் கோட்டைச் சுவரின் மேல். தன் ஊரின் கதையை அவர் தன் வாயால் சொல்வார்.

அவர் என்ன சொல்கிறார் என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. ஸ்பெயினின் மேற்கே எக்ஸ்திரமதூரா என்ற வறண்ட மாநிலம். கருவாலி மரங்களுக்குக் கீழே பன்றிகள் மேயும் அழகான நாட்டுப்புறம். அதன் நடுவே துருஹீயோ என்ற சிறு நகரம். பெருவின் இன்கா அரசை வீழ்த்திய பிரான்சிஸ்கோ பிசாரோ பிறந்த ஊர். சதுக்கத்தைச் சுற்றிய மாளிகைகள் தென்னமெரிக்காவிலிருந்து வந்த செல்வத்தில் எழுந்தவை. கல்வேலையை மட்டும் காட்டிவிட்டு, அந்தச் செல்வம் யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாத வழிகாட்டி தன் வேலையைப் பாதிதான் செய்கிறார்.

இன்னொன்று. தொலேதோ, கோர்தோபா, ஹிரோனா போன்ற நகரங்களில் பழைய யூதர் தெருக்களைக் காட்டுவதற்கென்றே நடை இருக்கிறது. 1492இல் மதம் மாற மறுத்த யூதர்கள் எல்லோரும் ஸ்பெயினைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். வீடுகள் இருந்தன, மனிதர்கள் போய்விட்டார்கள். இன்று அந்த வாசல்களுக்கு முன்னால் நின்று வழிகாட்டி அந்த வெளியேற்றத்தைச் சொல்கிறார். 2015இல் ஸ்பெயின் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, அன்று துரத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றது. ஒரு நாடு தான் செய்த அநியாயத்தை நடைபாதையின் ஓரத்தில் நின்று சொல்ல முடியும் என்பதற்கு இது சான்று.

இனி நம் மலைக்கு வருவோம். இங்கு நடக்க வருகிற வெளிநாட்டவரிடம் பெரும்பாலும் சொல்லப்படுவது ஒரே கதை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார், அதிலிருந்து இலங்கைத் தேயிலை உலகப் புகழ் பெற்றது என்பது அந்தக் கதை. பொய்யில்லை. டெய்லர் கடும் உழைப்பாளி. 1892இல் அவர் இறந்தபோது தோட்டத் தொழிலாளர்கள் அவருடைய பெட்டியைத் தோளில் சுமந்து கண்டி வரை நடந்தார்கள். மஹய்யாவ மயானத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது, கல்வெட்டும் இருக்கிறது. சுமந்து வந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அந்த 19 ஏக்கர் காட்டை வெட்டியவர்கள், கான் தோண்டியவர்கள், விதை போட்டவர்கள் பெயரும் இல்லை. அந்தப் பெயர்களை நீங்களும் கண்டுபிடித்துவிட முடியாமல் போகலாம். ஆனால் அவர்கள் இருந்தார்கள் என்று சொல்ல வேண்டியவர் அவர்களின் பேரப்பிள்ளை.

பீக்கோ பாதையின் லூல்கந்துரப் பகுதியிலேயே, ஹேவாஹெட்டப் பக்கத்தில் முல்லோயாத் தோட்டம் இருக்கிறது. நாளுக்கு 16 சதம் கூட்டிக் கேட்டு அங்கே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவிக்காக கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். டெய்லர் உட்கார்ந்து மலையைப் பார்த்ததாகச் சொல்லும் கல் இருக்கை வரை ஏறுகிற பயணி, கோவிந்தனைப் பற்றிக் கேள்விப்படாமலே இறங்கினால் அவர் அந்த மலையைப் பார்க்கவில்லை. இன்னும் நடந்து பூண்டுலோயாவையும் வட்டகொடையையும் தொட்டால் மடக்கும்புரத் தோட்டம். மலையக மக்களின் வாழ்க்கையை எழுத்தில் வைத்த சி. வி. வேலுப்பிள்ளை 1914இல் பிறந்த இடம். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர் அவர். அடுத்த ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம், அவரைத் தேர்ந்தெடுத்த மக்களைப் போன்ற இலட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது.

பீக்கோ பாதை கண்டிக்குத் தெற்கே இறங்கிவிடுகிறது. வடகிழக்கே இருக்கும் நம் தும்பறைப் பக்கத்துக்கு வரவில்லை. ஆனால் நம்மிடம் ஒரு பாதைக்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன. கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880இல் போட்ட ரயில் பாதை மஹய்யாவையும் கட்டுகஸ்தோட்டையையும் தாண்டி வத்தேகம வழியாகத்தான் போகிறது. ரயிலில் வந்து நம் ஊரில் இறங்கி, பன்வில வீதியில் ஏறினால் மடுல்கலை. அங்கிருந்து ஹுலுகங்கை நீர்வீழ்ச்சிக்கு இறங்கலாம், பம்பரெல்லப் பக்கம் மேலே ஏறலாம். வடக்கே எல்கடுவ வழியாக மாத்தளைக்குப் போகலாம். மேலே நக்கிள்ஸ் மலை. அதன் உயர்ந்த பகுதி, ஏறத்தாழ 17,500 ஹெக்டேயர், 2000ஆம் ஆண்டில் பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மூக்கின் நுனியில் இலைபோல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும் ஓணான் அங்கே உண்டு. உலகில் வேறெந்த மலையிலும் அது இல்லை. ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்த உங்கள் தாத்தாவிடம் கேளுங்கள். அவர் அதைப் பார்த்திருப்பார்.

மடுல்கலையில் ஒரு வரலாறு இருக்கிறது. அங்குள்ள பிள்ளைகளில் பலருக்கும் தெரியாத வரலாறு. 1936இல் மார்க் அந்தனி பிரேஸ்கேடில் என்ற இளைஞர், அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து, மடுல்கலை றெலுகஸ் தோட்டத்தில் சின்னத்துரை வேலை பழகச் சேர்ந்தார். லயத்தையும் கூலியையும் பார்த்தார். தொழிலாளர் பக்கம் நின்றதால் வேலை போனது. லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டிக் கூட்டத்தில், வெள்ளைக்காரத் துரைமார் தொழிலாளரை நடத்தும் விதத்தை, ஒரு வெள்ளைக்காரராக நின்று தொழிலாளர் முன்னால் கண்டித்துப் பேசினார். அந்த மேடையில் இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாயவும் இருந்தார். தேசாதிபதி ஸ்டப்ஸ் 48 மணி நேரத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேறும்படி பிரேஸ்கேடிலுக்குக் கட்டளையிட்டார். அவர் போகவில்லை, தலைமறைவானார். மே 5ஆம் திகதி காலிமுகத்திடல் கூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் முன் மேடையேறினார். பிறகு கைதானார். எச். வி. பெரேரா அவருக்காக உயர்நீதிமன்றத்தில் வாதாடினார். பேச்சுரிமையைப் பயன்படுத்தியதற்காக ஒருவரை நாடுகடத்த முடியாது என்று நீதிமன்றம் அவரை விடுவித்தது. இலங்கையின் பேச்சுரிமை வரலாற்றில் அது முக்கியமான தீர்ப்பு. அந்தத் தீர்ப்பின் தொடக்கம் கொழும்பில் இல்லை. மடுல்கலை மலையில்தான் இருக்கிறது. இதைச் சொல்ல அந்தத் தோட்டத்துப் பிள்ளையைவிடப் பொருத்தமானவர் யார்?

மாத்தளைப் பக்கம் நடந்தால் இன்னும் பழைய பாதையைத் தொடுகிறோம். 1820களிலிருந்து தமிழகத்துக் கிராமங்களில் இருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள், கடலைத் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். வன்னிக் காட்டின் ஊடே, அநுராதபுரம், தம்புள்ள வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் கொலராவிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். மாத்தளையிலிருந்துதான் கூட்டங்கள் பிரிந்து தோட்டங்களுக்கு ஏறின. அந்த வருகையின் 200ஆவது ஆண்டை ஒட்டி, 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபவனி, ஏறத்தாழ 250 கிலோமீற்றர் நடந்து ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. சிங்களவரும் முஸ்லிம்களும் வடக்குத் தமிழரும் அதில் சேர்ந்து நடந்தார்கள். வழியோர ஊர்களில் அவர்களை வரவேற்றுச் சோறு போட்டார்கள். ஸ்பெயின்காரர்களுக்குச் சந்தியாகோப் பாதை எதுவோ, நமக்குத் தலைமன்னார் – மாத்தளைப் பாதை அது. ஆண்டுதோறும் அதில் ஒரு குழுவாவது நடக்க வேண்டும். அந்தக் குழுவை மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலிலிருந்து தும்பறை மலைக்கு ஏற்றிவரும் கடைசிக் கட்டத்தை நீங்கள் நடத்த வேண்டும்.

போனவர்களின் கதையும் உங்கள் கதைதான். 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3 இலட்சம் பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுக்கவும் இரு அரசுகளும் இணங்கின. யாரையும் கேட்கவில்லை. கண்டி மாவட்டத் தோட்டங்களில் லயம் லயமாக ஆட்கள் குறைந்தார்கள். தலைமன்னாரில் இராமானுஜம் கப்பலேறியவர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி தேயிலைக்கே போனார்கள். 1977, 1983 வன்செயல்கள் இன்னும் பலரைப் போக வைத்தன. இருந்தவர்களில் நாடற்றிருந்த கடைசிப் பேருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. உங்கள் தோட்டத்தில் ஒரு லயம் இடிந்து கிடந்தால், அங்கே இருந்த குடும்பங்கள் எங்கே போயின என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். தொலேதோவின் யூதர் தெருவில் வழிகாட்டி நிற்பதைப்போல, அந்த இடிந்த லயத்தின் முன் நின்று நீங்கள் பேசலாம். கூடலூரிலிருந்து ஒரு பேரன் தன் தாத்தாவின் காம்பராவைத் தேடி வந்தால், அதைக் காட்டக்கூடியவர் உங்களைத் தவிர வேறு யாருமில்லை.

உங்களுக்கு என்ன தெரியும் என்று உங்களை நீங்களே குறைத்துக்கொள்ளாதீர்கள். மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, ஒவ்வொரு மலையின் நம்பர், அதன் பழைய பெயர், அந்தப் பெயர் வந்த காரணம் எல்லாம் உங்கள் வீட்டில் இருக்கின்றன. பிரட்டுக்களம் எங்கே இருந்தது, தப்பு அடித்து ஆட்களை எழுப்பியது எத்தனை மணிக்கு, அரைப்பேர் போட்டால் என்ன, கவ்வாத்து எந்த மாதத்தில், கொழுந்து இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக ஏன் எடுக்கிறோம் என்பதை அப்பாயி ஒரு பிடி கொழுந்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால், எந்த அருங்காட்சியகப் பலகையும் அதற்கு ஈடாகாது. ஸ்டோரின் சக்கரத்துக்குக் காவலாக ரோதைமுனி நிற்கிறார். மாசியில் காமன் கூத்து நடக்கிறது. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் இன்னும் சில தோட்டங்களில் விடிய விடிய ஆடுகிறார்கள். மழைக்கு முன் மேகம் எந்த மலையில் கட்டும், எந்த ஓடை திடீரென்று பெருகும், அட்டை எங்கே அதிகம், எந்தச் சரிவு இடியும் என்ற அறிவு ஒரு பயணியின் உயிரைக் காக்கும் அறிவு. கம்பளைப் பக்கம் பழைய பீக்கொக் தோட்டத்தில், 2007இல் ஒரு லயத்தையே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். ஒருமுறை போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய துண்டும் தராசும் வரலாற்றுச் சான்றுகள் என்பது அங்கே புரியும்.

தெரிந்ததைத் தொழிலாக்கச் சில படிகள் ஏற வேண்டும். இலங்கையில் சுற்றுலா வழிகாட்டிக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவது சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை. நாடு முழுவதற்குமான வழிகாட்டி, வாகனம் ஓட்டும் வழிகாட்டி, குறிப்பிட்ட பிரதேசத்துக்கான வழிகாட்டி, குறிப்பிட்ட ஓர் இடத்துக்கான வழிகாட்டி என்று வகைகள் உண்டு. உங்களுக்கு முதற்படியாகப் பொருந்துவது பிரதேச வழிகாட்டி. சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனத்தின் கிளை கண்டியிலேயே இருக்கிறது. அங்கே நேரில் போய் விசாரியுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் பயணிகளை அழைத்துப்போகாதீர்கள். நக்கிள்ஸ் வனத்துக்குள் நுழைவதற்கு வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு வேண்டும். தோட்டத்துக்குள் நடக்கத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். முதலுதவி கட்டாயம் பழகுங்கள்.

மொழி இரண்டாவது படி. ஆங்கிலம் தெரிந்தால்தான் வழிகாட்டி என்று தயங்கி நிற்பவர்கள் உங்களில் பலர். ஆங்கிலம் படியுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். தமிழில் நடத்தும் நடைக்கு வரவே போதிய ஆட்கள் இருக்கிறார்கள். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உள்ள பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுதோறும் கல்விச் சுற்றுலா வருகிறார்கள். பேராதனைப் பூங்கா, தலதா மாளிகை, நுவரெலியா என்று போய்த் திரும்புகிறார்கள். மலையகத் தமிழர் எப்படி வாழ்ந்தார்கள் என்று எங்கேயும் அவர்களுக்குக் காட்டுவதில்லை. கனடாவிலும் இங்கிலாந்திலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் வருகிறார்கள். சிங்களமும் உங்களுக்கு வாய்மொழியாகவே வரும். பன்வில, ஹுலுகங்கைக் கிராமத்துச் சிங்கள இளைஞர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காட்டையும் வயலையும் அவர்களும், தேயிலையையும் லயத்தையும் நீங்களுமாகச் சொன்னால்தான் தும்பறையின் கதை முழுமையாகும்.

தங்கைமாருக்குத் தனியாக ஒன்று. இந்த நாட்டில் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆண்கள். ஆனால் தேயிலை மலையை நிரைநிரையாக அறிந்தவர்கள் பெண்கள். நடக்க வருகிற பெண்களும் குடும்பங்களும் ஒரு பெண் வழிகாட்டியோடு நடக்க விரும்புவார்கள். வீட்டில் தயங்கினால், இருவராகச் சேர்ந்து, பகல் நடையாகத் தொடங்குங்கள். உங்கள் அம்மா காலையில் மலைக்குப் போய் மாலையில் திரும்புகிறார். நீங்களும் அதே மலையில்தான் நடக்கிறீர்கள்.

வருகிறவர்களுக்குச் சில ஒழுங்குகளை ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். கொழுந்து எடுக்கும் பெண்ணின் முகத்தைக் கேட்காமல் படமெடுக்கக்கூடாது. அவர் வேலை செய்கிறார், காட்சிக்கு நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு இனிப்பும் பேனையும் நீட்டக்கூடாது. கொடுக்க விரும்பினால் பள்ளிக்குக் கொடுக்கட்டும். லயம் என்பது வீடு. கூப்பிட்டால்தான் உள்ளே போகலாம். கோயிலில் செருப்பைக் கழற்ற வேண்டும். பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். வறுமையை வேடிக்கை காட்டிப் பணம் வாங்கும் வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். நம் மக்களின் உழைப்பையும் போராட்டத்தையும் அறிவையும் தலைநிமிர்ந்து சொல்லுங்கள். கேட்கிறவர் மதிப்பார்.

பணம் தோட்டத்துக்குள் தங்க வேண்டும். மதியச் சாப்பாட்டைக் கண்டியிலிருந்து பொட்டலமாகக் கொண்டுவராதீர்கள். ஒரு வீட்டில் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும், இன்னொரு வீட்டில் சோறும் பருப்பும் என்று முறைவைத்துச் சமைக்கச் சொல்லி, நியாயமான விலை கொடுங்கள். பை சுமப்பவருக்கும் முச்சக்கரவண்டிக்காரருக்கும் கதை சொல்லும் பெரியவருக்கும் பங்கு இருக்கட்டும். தனித்தனியாகப் போட்டி போட்டுக் கூலியைக் குறைத்துக்கொள்ளாமல், நான்கு தோட்டத்து இளைஞர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவாகப் பதிந்துகொள்ளுங்கள். கணக்கை எல்லோரும் பார்க்கும்படி எழுதுங்கள். சங்கங்களிலும் நகர சபையிலும் பாடசாலைகளிலும் பொறுப்பில் இருக்கும் பெரியவர்கள் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மண்டபத்தையும் ஒரு கடிதத்தையும் கொடுத்து உதவ வேண்டும் என்று அவர்களையும் இதன் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இது ஒரே மாதத்தில் பலன் தரும் தொழில் இல்லை. எல்லோருக்கும் இதில் வேலை கிடைக்கும் என்றும் சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் ஆட்கள் வரமாட்டார்கள். நாட்டில் ஒரு நெருக்கடி வந்தால் சுற்றுலாதான் முதலில் அடிபடும் என்பதை 2019இலிருந்து தொடர்ந்து பார்த்திருக்கிறோம். ஆகவே படிப்பையும் கைத்தொழிலையும் விட்டுவிடாதீர்கள். ஆனால் ஆட்கள் வராத காலத்திலும் நீங்கள் சேர்த்த கதைகளும் வரைந்த வரைபடமும் உங்கள் ஊரிலேயே இருக்கும். இந்த மக்களுக்கு இருநூறு ஆண்டாக அப்படியொன்று எழுதி வைக்கப்படவில்லை என்பதே பெரிய குறை.

வருகிற பாடசாலை விடுமுறையில் தொடங்குங்கள். வத்தேகம ரயில் நிலையத்தில் கூடி, பன்வில வழியாக மடுல்கலைக்கு நடந்து பாருங்கள். ஒரு பெரியவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், அவர் அனுமதித்தால் ஒலிப்பதிவும் செய்யுங்கள். எங்கே நிற்க வேண்டும், எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே என்ன சொல்ல வேண்டும் என்று குறியுங்கள். இரண்டு மூன்று முறை நடந்த பிறகு பாதை உங்களுக்குப் பிடிபடும். அதன் பிறகு முதல் குழுவாக வெளிநாட்டவரைத் தேடாதீர்கள். உங்கள் பாடசாலையின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப்போங்கள். கோவிந்தனையும் பிரேஸ்கேடிலையும் தலைமன்னாரிலிருந்து நடந்து வந்தவர்களையும் முதலில் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
வத்தேகமவிலிருந்து உங்கள் ஊரவன்